ஊசியை ஒப்படைத்த அக்கா

நான் சேலை கட்டிவிடுறவ. பினாங்குல கல்யாணமோ, பரதநாட்டிய அரங்கேற்றமோ, கோயில் கலை நிகழ்ச்சியோ, எதுவா இருந்தாலும் சரி, பொம்பளைங்க மேடையேறுறதுக்கு முன்னால கொசுவம் மடிச்சு, முந்தானை குத்தி அனுப்புறது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தியோட உடம்பை அவ புருஷன்கூட அவ்வளவு வெளிச்சத்துல பார்த்திருக்க மாட்டான். நான் பார்த்திருக்கேன். ஆபரேஷன் தழும்பு, பெல்ட்டால அடிச்ச காயம், கல்யாணப் பொண்ணோட மூணு மாசத்து வயிறு, எல்லாம் பார்த்தாச்சு. பார்த்தது பார்த்ததோட சரி. வெளியில வாயைத் திறந்தா அடுத்த கல்யாணத்துக்கு எவ கூப்பிடுவா? எங்க தொழில்ல இது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் இப்ப மீறப் போறேன். மீறலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தி நின்னுக்கிட்டு முந்தானையைப் பார்ப்பா. இன்னொருத்தி கட்டிக்கிறவ காலடியில உட்கார்ந்து, கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பா கீழ இழுத்து நேராக்குவா. நிக்கிறவ நான். உட்கார்றவ எங்க அக்கா. என்னைவிட ஆறு வயசு மூத்தவ. புருஷன் தவறிப்போய், ஒரே மகளும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதுக்கப்புறம் சிம்பாங் அம்பாட்ல ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுல தனியா இருந்தா. வேலை இருக்கிற அன்னிக்கு நான் கடல் தாண்டுற ரெண்டாவது பாலத்துல காடி ஓட்டிக்கிட்டுப் போய் அவளை ஏத்திக்கிட்டு வருவேன். வழியெல்லாம் வாய் ஓயாது. எந்த மாமியாக்காரி எந்த மருமகளை எப்படி முறைச்சான்னு நடிச்சே காட்டுவா. பாலத்துல போகும்போது சிரிப்பு தாங்காம நான் ஓரமா நிறுத்தப் பார்த்திருக்கேன்.

அக்காவுக்கு இனிப்பு நீர், சுகர் வியாதி. பன்னெண்டு வருஷமா காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு ஊசி போட்டுக்கிட்டு வந்தா. அதை ஒரு குறையாவே நினைச்சதில்லை. கல்யாண வீட்டுல பலகாரத் தட்டு வந்தா, "எனக்கு வேணாம்லா, நானே ஒரு சீனி ஆலை"ம்பா. தட்டு நீட்டினவளும் சிரிச்சுருவா.

இப்படிப்பட்டவளை அந்தக் கூட்டத்துக்கு முதல் தடவை கூட்டிக்கிட்டுப் போன பாவி நான்தான். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

அது தமிழ்நாட்டுலேர்ந்து வந்த இயக்கம். தலைவரை எல்லாரும் ஐயான்னு கூப்பிடுவாங்க. அவர் பேரையும் எழுத மாட்டேன், இயக்கத்தோட பேரையும் எழுத மாட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னால அவங்க விழாவுக்கு சென்னையிலேர்ந்து ஒரு நடிகை வந்தாங்க. அவங்களுக்குச் சேலை கட்டிவிட என்னைக் கூப்பிட்டாங்க. ஒரு காலத்துல அக்கா வேஷம், அம்மா வேஷம்னு அழுதே பேர் வாங்கினவங்க. எங்க அக்காவுக்கு அவங்கன்னா உசுரு. கூட்டிக்கிட்டுப் போகாம இருக்க முடியுமா? காலடியில உட்கார்ந்து கொசுவம் இழுத்தா. ஒரே மடிப்பை மூணு தடவை நீவினா. அந்த நடிகை குனிஞ்சு அவ கன்னத்தைத் தொட்டு, "எவ்வளவு அழகா செய்றீங்கம்மா"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான், அவங்க பக்கம் விழுந்துட்டா. நான் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தேன்.

அந்த விழாவுல மேடைக்கு முன்னால ஒரு பெரிய பித்தளை அண்டா வச்சிருந்தாங்க. அந்தச் சடங்குக்குப் பேரு 'ஒப்படைப்பு'. வரிசையில போய் மாத்திரையோ, ஊசியோ, கிளினிக் அட்டையோ கையில இருக்கிறதை அண்டாவுக்குள்ள போட்டுட்டு, ஐயாவைக் கும்பிட்டுத் திரும்பணும். வியாதிங்கிறது பயம், பயத்தை விட்டா வியாதி தானா விட்டுரும், இதான் மொத்த போதனையும். ஆனா மருந்தை நிறுத்துன்னு ஒருத்தரும் வாயால சொல்ல மாட்டாங்க. ரொம்பக் கெட்டிக்காரங்க. "உங்க பயத்தை ஒப்படைங்க, மீதியை நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னுதான் மைக்ல சொல்லுவாங்க. அப்படிச் சொன்னது ஊரே கேக்குற ஒரு வானொலி அறிவிப்பாளர். குரல்ல தேன் ஒழுகும். முதல் வரிசையில டான்ஸ் மாஸ்டர், பாடகர், பட்டம் வாங்கின பெரிய மனுஷங்கன்னு உட்கார்ந்து கைதட்டினாங்க. அதுல ஒருத்தர்கூட எழுந்து போய் அந்த அண்டாவுல எதையும் போட்டு நான் பார்க்கல. போட்டவங்க எல்லாம் பின் வரிசைக்காரங்க. அன்னிக்கு இதை நான் கவனிச்சேன், ஆனா யோசிக்கல. எனக்கு அப்ப அறிவு எங்க போச்சோ.

அப்புறம் அக்கா வாராவாரம் பிரார்த்தனைக்குப் போக ஆரம்பிச்சா. தனியா இருக்கிறவ, நாலு பேரோட பேசிப் பழகட்டும்னு நானும் விட்டுட்டேன்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, சேர்ந்து பசியாறலாம்னு அப்பம் வாங்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். தேங்காய்ப்பாலை உள்ள வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தா, கதவுல ஊசி வைக்கிற இடத்துல மிளகாய்ச் சம்பால் போத்தல் உட்கார்ந்திருக்கு.

"அக்கா, ஊசியெல்லாம் எங்க?"

"ஒப்படைச்சிட்டேன்."

"என்னாது?"

"ஒப்படைச்சிட்டேன்டி. மூணு வாரம் ஆச்சு. பாரு, எப்படி இருக்கேன்? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

மூணு வாரம்! "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா? கண்ணு போயிரும், கிட்னி போயிரும், தெரியுமா இல்லையா?"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனத்தி வேலி மேல எட்டிப் பார்த்தா. அக்கா அசையவே இல்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு என் மூஞ்சிக்கு முன்னால நீட்டினா. அந்த நடிகைதான். பதினஞ்சு வருஷமா ஊசி போட்டாங்களாம், ஐயாகிட்ட ஒப்படைச்ச அன்னிக்கோட எல்லாம் தீர்ந்துருச்சாம். கேமரா முன்னாலயே ஒரு அதிரசத்தைக் கடிச்சுக் காட்டினாங்க. கண்ணுல தண்ணி தளும்புது. அழுறது அவங்களுக்குப் புதுசா?

"அவங்க நினைச்சா அமெரிக்காவுக்கே போய் வைத்தியம் பார்க்கலாம். அவங்களே தூக்கிப் போட்டாங்கன்னா அதுல ஏதோ இருக்குலா. நீ என்ன, பெரிய டாக்டரா?"ன்னா அக்கா.

அவ கேட்டதுல ஒரு நியாயம் இருந்துச்சு, அதான் வயித்தெரிச்சல். கிளினிக் டாக்டர் அவளைப் பார்க்கிறது அஞ்சு நிமிஷம். அதுலயும் பாதி நேரம் கம்ப்யூட்டரைப் பார்ப்பாரு. இந்த அம்மா முப்பது வருஷமா எங்க வீட்டு ஹால்ல வந்து அழுதிருக்காங்க. எங்களுக்கு அம்மை போட்டப்ப, எங்க அப்பா செத்தப்ப, அக்கா புருஷன் செத்தப்ப எல்லாம் டிவியில அவங்க இருந்தாங்க. யாரை நம்புவா? இந்தப் பிரபலங்களுக்கு அந்த நம்பிக்கை என்ன விலைன்னு தெரியும். தெரிஞ்சேதான் அதைக் கொண்டுபோய் ஐயா காலடியில வைக்கிறாங்க. இதுக்கு எனக்கு வாயில வர்ற வார்த்தையை எல்லாம் எழுத முடியாது.

அக்கா மகளுக்குப் போன் போட்டேன். சிங்கப்பூர்லேர்ந்து பஸ் ஏறி வந்து, அம்மா காலைப் பிடிச்சுக் கதறினா அந்தப் பிள்ளை. அக்கா சரி சரின்னு தலையாட்டி, எங்ககூட கிளினிக்குக்கு வந்து புது ஊசி வாங்கினா. எங்க ரெண்டு பேர் முன்னாலயும் ஒண்ணு போட்டும் காட்டினா. அந்தப் பிள்ளை நிம்மதியா திரும்பிப் போச்சு. அடுத்த கூட்டத்துல மீதி ஊசியெல்லாம் அண்டாவுக்குள்ள. இது எனக்குத் தெரிய ஒரு மாசம் ஆச்சு.

அதுக்கப்புறம் காலு. சிலிப்பர் வார் உரசி, இடது கால் சுண்டுவிரல்ல ஒரு சின்னக் கொப்புளம். உடைஞ்சது, ஆறல. ஐயா படத்துக்கு முன்னால வச்ச தண்ணியை அதுமேல ஊத்திக்கிட்டு இருந்தா. நான் பார்த்தப்ப விரல் பாதி கறுத்திருச்சு. "அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன், ஊசியைப் போடு. காலை எடுத்துருவாங்க"ன்னேன். "உன் பயம்தான்டி எனக்குக் கெடுதல்"னு சொல்லிக் காலுறையை மாட்டிக்கிட்டா. நான் பேசுறது சுவத்துல பந்தடிக்கிற மாதிரி திரும்பி என்மேலயே வந்து விழுந்துச்சு.

அந்தச் சமயத்துலதான் இயக்கத்துக்காரங்க எனக்குப் போன் பண்ணினாங்க. அந்த நடிகை மறுபடியும் வர்றாங்களாம். கடலோரத்து ஹோட்டல்ல மூணு நாள் விழாவாம். கடைசி நாள் காலையில நான் வந்து சேலை கட்டிவிடணுமாம். போனைத் தூக்கி எறியலாம்னு வந்துச்சு. அப்புறம்தான் ஒரு யோசனை. அந்த அம்மா வாயால ஒரே ஒரு வார்த்தை, "நீங்க ஊசி போட்டுக்குங்க"ன்னு சொன்னா போதுமே? என் அக்கா பொழைச்சுக்குவாளே? கால்ல விழுந்தாவது கேட்டுருவோம்னு ஒத்துக்கிட்டேன்.

அக்காகிட்ட சொன்னேன். "இந்தத் தடவை நான் கீழ உட்கார வரமாட்டேன்டி. மூணு நாளும் அங்கதான் இருப்பேன். எனக்குப் பெரிய சேவை கொடுத்திருக்காங்க"ன்னா. என்ன சேவைன்னு கேட்டேன். சொல்லல. மூஞ்சியில மட்டும் புதுப் பொண்ணு மாதிரி ஒரு வெட்கம்.

அன்னிக்குக் காலையில ஹோட்டல் அறையில நடிகை, அவங்க உதவிக்கு வந்த ஒரு பொண்ணு, நான், மூணு பேர்தான். கனமான பட்டு. முழங்கை வரைக்கும் கை வச்ச பிளவுஸ். கொசுவத்தை நானே குனிஞ்சு குனிஞ்சு இழுத்து முடிச்சு, முந்தானையைத் தோள்ல போட்டேன். எங்க பழக்கம், ஊக்கு குத்துறதுக்கு முன்னால தோள்லேர்ந்து கை வரைக்கும் உள்ளங்கையால ஒரு தடவை நீவி விடுவோம். துணி புடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல. நீவினேன். மேல்கையில, பிளவுஸ் கைக்குள்ள, வட்டமா, கெட்டியா ஏதோ ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. அம்பது காசு அளவு. அவங்க "ஸ்ஸ்"னாங்க.

அது என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும். என்கிட்டச் சேலை கட்டிக்க வர்ற பாதி அம்மாமாருங்க கையில ஒட்டியிருக்கு அது. ரத்தத்துல இனிப்பு எவ்வளவு இருக்குன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கிற கருவி.

"சுகர் பார்க்கிறதும்மா. போட்டோவுல தெரிஞ்சிரக் கூடாது, முந்தானையைக் கொஞ்சம் இறக்கிக் குத்துங்க"ன்னாங்க, கண்ணாடியில பொட்டைச் சரி பண்ணிக்கிட்டே. உப்பு குறைச்சலா இருக்குன்னு சொல்றாப்ல அவ்வளவு சாதாரணமா.

உண்மையைச் சொல்லிர்றேன், எனக்கு முதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. மாட்டினியாடி மகராசி! ஊருக்கு உபதேசம், உனக்கில்லையா? இப்பவே அக்காவை இழுத்துக்கிட்டு வந்து காட்டிர்றேன், இதோட இந்தப் பைத்தியம் தெளிஞ்சிரும்னு நினைச்சேன். அந்த நேரம் பார்த்து அவங்க போன் ஒரு சத்தம் போட்டுச்சு. அதுல வந்த சுகர் அளவைப் பார்த்துட்டு, உதவிப் பொண்ணுகிட்ட, "அந்த அக்காவைக் கூப்பிடு, பெட்டியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு"ன்னாங்க.

கதவு திறந்துச்சு. எங்க அக்கா வந்தா.

காலை இழுத்து இழுத்து வந்தா. கையில ஒரு சின்ன நீலக் குளிர்பெட்டி. கீழ வச்சு மூடியைத் திறந்து, ஐஸ் கட்டிக்கு நடுவுலேர்ந்து ஊசியை எடுத்தா. துணியால துடைச்சா. ஊசிமுனையைத் திருகி மாட்டி, அளவு பார்த்துத் திருப்பி, மூடியைக் கழட்டி ரெண்டு கையாலயும் நீட்டினா. பன்னெண்டு வருஷம் போட்டுப் பழகின கை, ஒரு தடுமாத்தம் இல்லை. அந்த அம்மா சேலையை லேசா விலக்கி வயித்துல குத்திக்கிட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. அக்கா வாங்கிப் பத்திரமா உள்ள வச்சா.

கையில பிடிச்சிருந்த ஊக்கு என் விரல்லயே ஏறியிருந்தது, ரத்தத்தைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே இருந்திருக்கா. அவளோட பெரிய சேவை இதுதான்.

அந்த அம்மா முன்னால போய் நின்னேன். "மேடம், இவ எங்க அக்கா. நீங்க சொன்னதைக் கேட்டு ஊசியை விட்டுட்டா. இவ காலைப் பாருங்க, அழுகிக்கிட்டு வருது. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவங்க குனிஞ்சு அக்கா காலைப் பார்த்தாங்க. முகம் நிஜமாவே மாறுச்சு. சொல்லிருவாங்கன்னு நினைச்சேன். உதவிப் பொண்ணு கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தா. நடிகை நிமிர்ந்துட்டாங்க.

"நான் யாரையும் நிறுத்தச் சொல்லலையேம்மா. என் அனுபவத்தைத்தானே சொன்னேன்?"

"என்ன அனுபவம்? இப்பதானே குத்திக்கிட்டீங்க?"ன்னு என் குரல் எகிறிப் போச்சு.

அக்கா என் கையைப் பிடிச்சா. "மன்னிச்சிருங்க மேடம், இவ இன்னும் இயக்கத்துக்குள்ள வரல"ன்னு எனக்காக மன்னிப்புக் கேட்டுட்டு, என்னை வெளியில தாழ்வாரத்துக்கு இழுத்துக்கிட்டு வந்தா.

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு நாளா நான்தானே பெட்டி தூக்குறேன்."

"பார்த்துட்டுமா, அக்கா? படிக்கிறது ராமாயணம் இடிக்கிறது பெருமாள் கோயில்னு கண் முன்னால பார்த்துட்டுமா உனக்குப் புத்தி வரல?"

அவ சிரிச்சா. கோவமே இல்லை. குழந்தைக்குச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா. "முதல் நாள் எனக்கும் திக்குனுதான் இருந்துச்சு. ஐயாகிட்டயே போய்க் கேட்டேன். அந்த அம்மாவுக்கு இன்னும் பக்குவம் வரல, உனக்கு வந்துருச்சு, அதனாலதான் அவளோட பலவீனத்தைச் சுமக்க உன்னைத் தேர்ந்தெடுத்தேன்னு சொன்னாரு. எனக்குடி! எங்கேயோ தாமான்ல கிடக்கிற எனக்கு! அவங்களைவிட நான் ஒரு படி மேலயாம்."

சொல்லும்போது அவ முகத்தைப் பார்க்கணுமே. அம்பத்தெட்டு வயசுல அப்படி ஒரு பிரகாசத்தை நான் அவகிட்டப் பார்த்ததே இல்லை. எனக்கு யாரோ செவுள்ல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இருபது வருஷமா அடுத்தவ காலடியில உட்கார்ந்து கொசுவம் இழுத்தவ. அங்க உட்கார வச்சது யாரு? நான்தானே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீ நில்லுக்கா, இன்னிக்கு நான் உட்கார்றேன்"னு சொல்லியிருப்பேனா? அந்த ஐயாவுக்கு எந்த இடத்துல தொடணும்னு தெரிஞ்சிருக்கு. கூடப் பிறந்த எனக்குத் தெரியல.

கால் மணி நேரத்துல அந்த நடிகை மேடையில இருந்தாங்க, நான் கட்டிவிட்ட சேலையில. ஊசிக்கு டாட்டா சொல்லி மூணு வருஷமாச்சுன்னு மைக்ல சொன்னாங்க. டேவான் மண்டபமே கைதட்டுச்சு. எனக்கு முன்னால ஒரு பெரியவரு சட்டைப் பையிலேர்ந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கிட்டு வரிசையில போய் நின்னாரு. நான் ஓரமா ஊக்கு டப்பாவோட நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த இடத்துல நான் கத்தியிருக்கணும். அந்த அம்மா கையைத் தூக்கிப் பாருங்கய்யான்னு கத்தியிருக்கணும். கத்தல. உடம்புல பார்த்ததை வெளியில சொல்லக் கூடாதுங்கிற பழக்கம் என் வாயைப் பொத்திருச்சு. மானம் காக்கிறேன்னு எத்தனையோ பொண்ணுங்களுக்கு வாயை மூடியிருக்கேன். அன்னிக்கு ஒரு பொய்யைக் காப்பாத்த வாயை மூடினேன். அந்தப் பெரியவரு இப்ப எப்படி இருக்காரோ, எனக்குத் தெரியாது.

ரெண்டு வாரம்கூட ஆகல. காலையில அக்கா மக சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணினா. "சித்தி, அம்மா போனை எடுக்க மாட்டேங்கிறாங்க." பாலத்துல எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியல. கதவைத் திறந்தவுடனே ஒரு வாடை. அக்கா ஹால்ல தரையில கிடந்தா. உடம்பு நெருப்பாக் கொதிக்குது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா, யாருன்னு தெரியல அவளுக்கு. காலுறை தோலோட ஒட்டிக்கிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டர், தமிழ்ப் பொண்ணுதான், என்னைத் தனியா உட்கார வச்சுச் சொன்னா. "ஆன்ட்டி, விஷம் ரத்தத்துல ஏறிருச்சு. முட்டிக்குக் கீழ எடுக்கணும், இன்னிக்கே. எடுத்தாலும் இன்சுலின் உடனே ஆரம்பிக்கணும். அவங்களால முடிவு சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்." மகளைக் கேட்டேன். போன்ல அழுகைச் சத்தத்துக்கு நடுவுல, "போட்டுருங்க சித்தி"ன்னா. கையெழுத்துப் போட்டேன்.

மூணாம் நாள் மதியம் அக்காவுக்கு நல்லா நினைவு வந்துச்சு. தண்ணி கேட்டா. கொடுத்தேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக் கிடந்ததைப் பார்த்தா. அழல. "சாப்பிட்டியாடி?"ன்னுதான் கேட்டா.

அப்ப நர்ஸ் மிஸ்ஸி சாப்பாட்டுக்கு முன்னால போடுற ஊசியோட வந்தா. சட்டையைத் தூக்கி, வயித்துல குத்திட்டு, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா. அக்கா தன் வயித்தையே பார்த்தா. அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினா.

"எப்பலேர்ந்து போடுறாங்க?"

"வந்த அன்னிக்கிலேர்ந்து."

"யாரு போடச் சொன்னது?"

"நான்தான்க்கா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

என் கையைத் தட்டி விட்டா. முகத்தை மூடிக்கிட்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதா.

"கால் போனாப் போகுதுடி. இப்ப எனக்கும் அந்த அம்மாவுக்கும் என்னடி வித்தியாசம்?"